யானை வயிற்றில் எதைப் போடுவது?

சத்தியம்! ஊருக்கே கேட்கட்டும் என்றுதான் கத்திச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் நாளைக்கே விழுந்துவிடட்டும். முறுக்கு ஆசை இன்னும் போகாதவன் இதற்கு மேல் எதை வைத்துச் சத்தியம் செய்வான்? சந்தேகப்படுகிறவர்கள் எழுந்து போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது.

மேற்கு மலையின் அடிவாரத்தில் மூங்கிலணை என்று ஓர் ஊர். அங்கே ஊசி மடம் என்று ஒரு மடம். மற்ற மடங்களில் காலையில் மணி அடிக்கும். இங்கே தையல் இயந்திரம் ஓடும். உபதேசம் கிடையாது. வருகிறவர் கையில் ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, உள்ளே ஒன்றும் வைக்காத ஒரு பொம்மை உறை. அவ்வளவுதான் தீட்சை. கரடி, குரங்கு, முயல் என்று துணிப் பொம்மை செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அதுதான் பூசை, அதுதான் நைவேத்தியம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொம்மையை அடைத்ததும் வயிற்றுத் தையலை முடிக்கமாட்டார்கள். கொஞ்ச இடத்துக்குச் சிவப்பு நூலில் ஓட்டுத் தையல் போட்டுவிட்டு அப்படியே கொடுத்துவிடுவார்கள். பிள்ளை வைத்திருந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் முடிச்சு. சரியில்லை என்றால் நூலை உருவி, கொட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

மடத்தின் குரு கோமளவல்லி அம்மா. நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. சமையலுக்கு உப்புப் போடுகிற மாதிரிதான் பேச்சைப் போடுவார்.

சீடர் வேதகிரிக்கு அறுபது தாண்டிவிட்டது. பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற வண்டியில் நின்றே காலத்தைக் கழித்தவருக்கு ஓடாத தரையில் உட்காரத் தெரியவில்லை. நடந்துகொண்டே சாப்பிட்டார். பேசும்போது வளைவில் திரும்புகிற வண்டிக்குள் நிற்பவர்போல ஒரு பக்கமாகச் சாய்ந்தார். படுத்தால் தூக்கம் வராது. கண்ணயர்ந்தாலும் தூக்கத்திலேயே விசில் ஊதுவார். ஒரு தடவை அந்த விசிலுக்குத் தெருவில் போன லாரி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து, "ஐயா, இன்னொரு விசில் கொடுங்க, நான் போகணும்" என்று கதவைத் தட்டினார். நான் கண்ணால் பார்த்தது.

அவர் வீட்டம்மா பொறுத்துப் பார்த்தார். பிறகு பையில் இரண்டு வேட்டியை மடித்து வைத்து, "எங்கேயாவது போய் உட்காரப் படிச்சுக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

"அம்மா, என் மனசு ஒரு இடத்துல நிக்கணும்" என்றார் வேதகிரி, மடத்துக்கு வந்ததும்.

"முதல்ல உக்காருங்க கண்டக்டரே."

"அதுதாம்மா முடியல."

"அப்ப நின்னுக்கிட்டே இதை அடைங்க."

அம்மா கொடுத்தது சாம்பல் நிறத்தில் ஒரு யானை. தும்பிக்கை இருந்தது, காது இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. தோளில் போட்டால் துண்டு மாதிரி தொங்கியது.

"யாருக்கும்மா?"

அம்மா வாசலைக் காட்டினார்.

வாசலில் பால்வண்டி ஓட்டுகிற ராசாங்கம் நின்றிருந்தார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மகள் வெண்ணிலா. இரண்டாம் வகுப்பு. கண்ணுக்குக் கீழே கருவளையம். நின்ற இடத்திலேயே கொட்டாவி விட்டது, வாய்க்குள் ஒரு பல் ஆடியது.

"தூங்கமாட்டேங்குது சாமி" என்றார் ராசாங்கம். "இவங்கம்மா மஸ்கட்டுல ஒரு வீட்டுல பிள்ளை பாக்கற வேலைக்குப் போயிருக்கு. அது போனதுலேருந்து இப்படித்தான். படுக்கும், எந்திரிக்கும், படுக்கும், எந்திரிக்கும். நான் விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுக்கணும். நேத்து பள்ளிக்கூடத்துப் படியிலேயே தூங்கி உருண்டுருச்சு. இதுக்கு மேல என்னால ஆகாது. திங்கக்கிழமை விடுதியில விட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

"நான் போகல" என்றாள் வெண்ணிலா.

"பேர் வெட்டின தட்டு வாங்கியாச்சு பாப்பா."

"தட்டு போகட்டும். நான் போகல."

கோமளவல்லி அம்மா வேதகிரியைப் பார்த்தார். வேதகிரி யானையைப் பார்த்தார். அவருடைய கால் தானாக ஆட ஆரம்பித்தது.

மடத்தின் பின்கட்டில் சாக்குச் சாக்காக அடைக்கிற சாமான்கள் இருந்தன. இலவம்பஞ்சு, உமி, மரத்தூள், மெத்தைக் கடையிலிருந்து வந்த ஸ்பாஞ்சுத் துண்டு, தையற்காரர்கள் கொடுத்த வெட்டுத் துணி. வேதகிரி கையில் சிக்கிய முதல் சாக்கைப் பிரித்தார். இலவம்பஞ்சு. அடைக்க ஆரம்பித்ததும் அவருக்குப் பழைய உத்தியோகம் வந்துவிட்டது.

"உள்ளே போ, உள்ளே போ! வாசல்ல நிக்காதே! பின்னாடி எவ்வளவு இடம் கிடக்கு! தும்பிக்கைக்குப் போறவங்க முன்னாடி வாங்க!"

முழங்கையால் இடித்து, கட்டைவிரலால் குத்தி, தீபாவளி முந்தின நாள் வண்டி மாதிரி அடைத்துவிட்டார். யானையின் கண் பொத்தான் இரண்டும் பிதுங்கி நின்றன. அவ்வளவு அடைத்தும் எடையே இல்லை. மின்விசிறியைப் போட்டதும் அது எழும்பி உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டடைக் கம்பால் தள்ளித்தான் இறக்கினோம். இறக்கினார்கள், சரி.

மறுநாள் வெண்ணிலா யானையோடு வந்தாள். கண்ணின் கருவளையம் அப்படியே இருந்தது.

"எப்படிப் பாப்பா?"

"இருக்கறதே தெரியல தாத்தா."

வேதகிரி அம்மாவிடம் ஓடினார். "எதைப் போட்டாம்மா சரியா வரும்?"

"பிள்ளை என்ன சொல்லுச்சு?"

"அது சின்னது, என்ன சொல்லும்? இருக்கறதே தெரியலைங்குது. நீங்க சொல்லுங்க, எது சரி?"

அம்மா ஊசியில் நூல் கோத்தார். கோத்து முடித்து, தைக்கப் போய்விட்டார்.

வேதகிரி பஞ்சைக் கொட்டிவிட்டு உமியைப் போட்டார். அடுத்த நாள் யானைக்குப் பின்னால் ஊர்க் கோழி பூராவும் மடத்துக்கு ஊர்வலமாக வந்தது. நடுவில் வெண்ணிலா.

"தூங்கினியா?"

"இல்ல. யானை ராத்திரிபூரா எதையோ தின்னுக்கிட்டே இருந்துச்சு. கரக் கரக்குன்னு. என்ன திங்கறேன்னு கேட்டேன், சொல்லல."

உமி போய் மரத்தூள் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எறும்புகள் அந்த யானையைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகம் வரைக்கும் போய்விட்டன என்று சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

பிறகு ஸ்பாஞ்சு.

"இது நல்லா மெத்துனு இருக்குல்ல?" என்று கேட்டார் வேதகிரி. பாதி கெஞ்சல்.

"கட்டிப்பிடிச்சா தள்ளிவிடுது" என்றாள் வெண்ணிலா.

பின்னால் நின்ற ராசாங்கம் செருமினார். "பெரியவரே, நீங்க சிரமப்பட வேண்டாம். நாளன்னைக்குத் திங்கக்கிழமை. பெட்டிகூடக் கட்டியாச்சு."

வெண்ணிலா யானையின் காதை முறுக்கினாள், விட்டாள். முறுக்கினாள், விட்டாள். அவளுடைய விரல்களும் வேதகிரியின் காலும் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

யானையை விட்டுவிட்டு அவர்கள் போனதும் வேதகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்கட்டுக்கும் முன்கட்டுக்குமாக நடந்தார். அவர் நடந்து நடந்து தரையில் தடம் விழுந்து, அதில் பூனை படுத்துக்கொண்டது.

"அம்மா, நீங்க குருதானே? வாயைத் திறந்து சொன்னா என்ன? பஞ்சா, துணியா, வேற ஏதாவதா? பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுருவாங்கம்மா!"

"சமையல்கட்டுக்கு வாங்க" என்றார் கோமளவல்லி அம்மா.

அங்கே ஒரு சாக்கு, பாதி நிரம்பி, கட்டாமல் கிடந்தது. வருஷத்துப் புளி தட்டியபோது விழுந்த கொட்டை.

"இதைக் கொஞ்சம் பிடிங்க. வாய் கட்ட நூல் எடுத்துட்டு வரேன். சாய்ஞ்சா சிந்திரும்."

"எங்கம்மா பிடிக்க?"

"மடியில."

மடியில் வைக்க வேண்டுமென்றால் உட்கார வேண்டும். வேதகிரி சுவரோரம் உட்கார்ந்தார். அம்மா சாக்கை அவர் தொடைமேல் இறக்கினார். பாதிச் சாக்கு என்பதால் அது விறைத்து நிற்கவில்லை. இந்தத் தொடைப் பக்கம் கொஞ்சம், அந்தத் தொடைப் பக்கம் கொஞ்சம், வயிற்றோரம் கொஞ்சம் என்று சரிந்து படிந்தது.

"சீக்கிரம் வாங்கம்மா. எனக்கு உக்காந்தா ஆகாது. திங்கக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணணும். வெட்டுத் துணி போட்டுப் பாக்கலாமா? கம்பளி நூல் இருக்கா? கம்பளி... கம்..."

அம்மா நூல் எடுக்கப் போனார். நூல் அடுத்த அறையில்தான் இருந்தது. அவர் திரும்பி வந்தபோது மாலை வெயில் சமையல்கட்டுக்குள் வந்திருந்தது. வேதகிரியின் தலை மார்பில் கிடந்தது. விசில் இல்லை. குறட்டை மட்டும். அந்தக் குறட்டைக்கு முன்கட்டுத் தையல் இயந்திரங்கள் ஆளில்லாமல் ஓடின என்பார்கள். ஓடியது ஒன்றுதான். நாம் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்?

வேதகிரி கண்ணைத் திறந்தார். வெயிலைப் பார்த்தார்.

"என்னம்மா செஞ்சீங்க என்னை?"

"மூட்டையைப் பிடிக்கச் சொன்னேன்."

"தூங்கிட்டேனே!"

"ஆமா."

அவர் மடியில் படிந்திருந்த சாக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இருக்கறதே தெரியலைன்னாளே! முதல் நாளே சொன்னாளே!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். சாக்கு கவிழ்ந்து கொட்டை பூராவும் உருண்டது. அம்மா குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் விடிந்ததும் வேதகிரி கொட்டையைக் கழுவினார். உலர்த்தினார். வண்டு அரிக்காமல் இருக்க வறுத்தார். வழக்கம்போல "உள்ளே போ, உள்ளே போ" என்று யானையின் வயிறு முட்ட அடைத்தார். தூக்கிப் பார்த்தார். அம்மிக்கல். மடியில் வைத்தார். ஒரே இடத்தில் குத்தியது. சாக்கு குத்தவில்லையே என்று யோசித்தார். மறுபடி கொட்டினார்.

அப்புறம் பிள்ளை வாய்க்குக் கொட்டை போகாதபடி இரட்டைத் துணியில் சின்னப் பைகள் தைத்தார். ஒவ்வொன்றிலும் பாதிதான் போட்டார். வயிற்றுக்கு ஒன்று, கால்களுக்கு ஒவ்வொன்று. சுற்றிலும் மெல்லிசாகப் பஞ்சு. சிவப்பு நூலில் ஓட்டுத் தையல். இந்தத் தடவை யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டே அடைத்தார். அன்று சாயங்காலமே வெண்ணிலா கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை பால்வண்டி மடத்து வாசலில் வந்து நின்றது. ராசாங்கம் மட்டும் இறங்கினார். வேதகிரி வாசலுக்கு ஓடினார்.

"பிள்ளை எங்க? விட்டுட்டீங்களா?"

"எங்க விடறது? எந்திரிக்கவே மாட்டேங்குது. எழுப்பி எழுப்பிப் பார்த்தேன். பாப்பா மேல அந்த யானை படுத்திருக்கு." ராசாங்கம் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

சாயங்காலம் வெண்ணிலா வந்தாள். தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

"எப்படிப் பாப்பா?"

"கை மாதிரி இருக்கு."

யார் கை என்று யாரும் கேட்கவில்லை. ராசாங்கம் வண்டிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனார். கோமளவல்லி அம்மா சிவப்பு நூலை உருவிவிட்டு, வெள்ளை நூலில் தைத்து முடிச்சுப் போட்டார். விடுதிப் பேச்சு நின்றது. பேர் வெட்டின தட்டில் வீட்டிலேயே தோசை விழுந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நல்லது, வேதகிரிக்கும் நல்லது.

வேதகிரிக்கு உட்கார வந்துவிட்டது. மடியில் ஒரு கொட்டை மூட்டை இருந்தால் போதும், மணிக்கணக்காக உட்காருவார். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்களைப் பிடித்து வைத்து, "பஞ்செல்லாம் பொய். புளியங்கொட்டைதான்" என்று ஆரம்பித்துவிடுவார். வருகிற பொம்மைக்கெல்லாம் கொட்டை. அவர் அடைத்த முயல் ஒன்று பரணிலிருந்து விழுந்து தரையில் குழி பறித்தது. அந்தக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, ஊர் வாத்துகள் நீந்தின. குரங்கைத் தூக்கிக்கொண்டு போக ஒருவர் மாட்டுவண்டி கேட்டார். தவழ்கிற குழந்தை ஒன்று அவர் செய்த கரடிக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கரடி எழுந்தால்தான் தானும் எழுவேன் என்று கிடந்தது.

அம்மா அந்தக் கரடியை வாங்கி, பேசாமல் பிரித்து, பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார். வேதகிரி பார்த்தார். பார்க்காதவர்போல மூட்டையை மடியில் நகர்த்திக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் வருஷப் பரீட்சை முடிந்த நேரம். ஒரு காலை வெண்ணிலா யானையோடு ஓடி வந்தாள். ஆடிய பல் விழுந்து புதுப்பல் எட்டிப் பார்த்தது. கருவளையம் இல்லை.

"தாத்தா, கொட்டையை எடுத்துடுங்க."

வேதகிரிக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "எதை?"

"கொட்டையை. யானைக்குள்ள இருக்கறதை."

"ஏன்? தூக்கம் வரலையா?"

"வருது."

"பின்னே? கிழிஞ்சிருக்கா? வண்டு வந்துருச்சா?"

"இல்ல தாத்தா. நாங்க தெருவுல யானையை மேல எறிஞ்சு விளையாடறோம். மேல போகவே மாட்டேங்குது. போனா பொத்துனு வருது. எதிர்வீட்டுக் கதிரவன் தலையில விழுந்து இவ்வளவு பெருசா வீங்கிருச்சு. அவங்கம்மா வந்து சத்தம் போட்டுட்டுப் போறாங்க."

"எறியறதா? அது எறியற சாமானா?" வேதகிரி மடியிலிருந்த மூட்டையைத் தள்ளிவிட்டு எழுந்தார். எழுந்ததும் கால் ஆட ஆரம்பித்தது. "முடிச்சுப் போட்ட பொம்மை பாப்பா இது! எடுத்துட்டா மறுபடி தூக்கம் போகும். உங்கப்பா மறுபடி பெட்டி கட்டுவாரு. தெரியுமா?"

"போகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யானை இப்ப கட்டிலுக்குக் கீழதான் படுக்குது. ரொம்ப நாளா. அது தனியாத் தூங்கப் பழகிருச்சு."

வேதகிரி அம்மாவைத் தேடினார். கோமளவல்லி அம்மா தூண் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குரங்கின் வாலைத் தைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கேட்டீங்களாம்மா? நான் எவ்வளவு பாடுபட்டேன்! கழுவி, வறுத்து, ரெட்டைத் துணி தைச்சு! ராத்திரி தூங்க வச்சது இதுதானே? இப்ப வேண்டாமாம்!"

அம்மா கத்தரிக்கோலை எடுத்து வெண்ணிலாவிடம் நீட்டினார். அவள் யானையின் வயிற்று முடிச்சை அறுத்தாள். பைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. யானை துவண்டது.

வேதகிரியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இந்தச் சாக்கைப் பிரித்தார், அந்தச் சாக்கைப் பிரித்தார். "சரி, பஞ்சு போடறேன். பஞ்சுன்னா மேல போகும். இல்ல, ஸ்பாஞ்சு, கீழ விழுந்தாலும் எகிறும். துணியும் பஞ்சும் கலந்து போட்டா?" இரண்டு கையிலும் பஞ்சு, தோளில் பஞ்சு, மீசையில் பஞ்சு. அள்ளி யானைக்குள் திணிக்கக் குனிந்தவர் பாதியில் அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, இன்னைக்காவது சொல்லுங்க. ஒரே ஒரு தரம். நான் மறுபடி கேக்கமாட்டேன். எதுதாம்மா சரி?"

வெண்ணிலா வாயைத் திறந்தாள். "தாத்தா, நான் என்ன நெனச்சேன்னா..."

"நீ இரு பாப்பா. அம்மா சொல்லட்டும்."

கோமளவல்லி அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அன்று முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

"கையை எடுங்க கண்டக்டரே. பிள்ளை இன்னும் பேசி முடிக்கல."

வேதகிரியின் கை யானையின் வயிற்றுக்கு வெளியே, பஞ்சோடு, அப்படியே நின்றது. கால் ஆடவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். அது அவர்களுக்குள். இன்னொன்று, காதைக் கொடுங்கள். இதை நான்தான் சொன்னேன் என்று வெளியே மூச்சு விடக்கூடாது. யாராவது கேட்டால், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த யாரோ ஒரு மனுஷன் சொன்னான், எங்கே இறங்கினான் என்று கவனிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். வேதகிரி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். எங்கள் தெருவுக்கு அவருக்கு வழி தெரியும்.